உதிர்ந்த காய் யாருக்கு உரியது?

பிறர் பொருளை எடுப்பது தவறு என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் இன்னாருடையது என்று சுட்டிச் சொல்ல முடியாத ஒரு பொருளை, மண்ணில் கிடந்து மட்கப்போகும் ஒரு பொருளை எடுத்தால் அதற்கு என்ன பெயர்? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் மார்க்க மேதையும் அல்லன். சட்ட வல்லுநனும் அல்லன். என் மகள் வயிற்றுப் பேரன், பதினொரு வயதுப் பையன். கேட்ட இடம் தலக்கோனா என்னும் மலைப் பள்ளத்தாக்கு. அன்று நான் அவனுக்குச் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஊர் திரும்பிய பின்னும் அது என்னை விடவில்லை. ஆகவேதான் நேயர்கள் முன் வைக்கிறேன்.

நாங்கள் உத்திரமேரூர்க்காரர்கள். ஏரியும் வயலும் பனையுமே எங்கள் நிலம். மலை என்றால் வந்தவாசிப் பக்கத்துக் கற்குன்றுகளே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். உண்மையான காடு ஒன்றை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று என் மகள் நெடுநாளாகச் சொல்லி வந்தாள். மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி. அங்கிருந்து மேற்கே சந்திரகிரி, பாகராப்பேட்டை என்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் நெரபைலு என்னும் சிற்றூர் வருகிறது. அதைக் கடந்தால் காட்டின் வாசல். தெலுங்கில் 'கோன' என்றால் மலையிடைப் பள்ளம். அப்பள்ளங்களுள் தலையாயது என்று பெயரிட்டவர்கள் எண்ணியிருக்கலாம்.

சோதனைச் சாவடியில் நுழைவுச் சீட்டு வாங்கினோம். பைகளைப் பார்த்தார்கள். பிறகு கற்பாதையில் நடக்கத் தொடங்கினோம். இருபுறமும் செங்குத்தாக எழும் பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதானவை. ஒரு காலத்தில் நீருக்கடியில் படிந்த மணலே இறுகிப் பாறையாயிற்று என்கிறார்கள். மரத்துக்கு மரம் தாவி முறுக்கிக்கொண்டு ஓடும் பெருங்கொடி ஒன்று உண்டு. அது மனிதன் தொடையினும் தடித்தது. அதன் காய் கைமுழத்தைவிட நீளமானது. பிள்ளைகள் அதைப் பாம்பு என்று சொல்லிப் பயந்து, பிறகு பயந்ததற்காக ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். பாதையின் முடிவில் 270 அடி உயரத்திலிருந்து நீர் விழுகிறது. மாசி மாதமாகையால் அருவி மெலிந்திருந்தது. எனினும் அந்த மலையிடுக்கின் குளிர்ச்சியில் நின்றபோது, வெயிலில் வெந்த எங்கள் ஊர்க் கண்களுக்கு அது வேறோர் உலகமாகவே பட்டது. ஓடைக் கரையில் ஒரு தட்டைப் பாறையைத் துடைத்து லுஹர் தொழுதோம்.

திரும்பும் வழியில் சரிவு வறண்டிருந்தது. அங்கேதான் செம்மரங்களைக் கண்டோம். பட்டை கறுத்து, முதலையின் முதுகைப்போல் சதுரம் சதுரமாக வெடித்திருக்கும். பார்ப்பதற்கு அழகான மரம் என்று சொல்ல மாட்டேன். இலையுதிர்த்து நின்ற அந்த மரங்களைக் கண்ட என் மருமகன், "இதற்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றே கேட்டுவிட்டார். அதன் பெருமையெல்லாம் உள்ளே இருக்கிறது. வயிரம் பாய்ந்த நடுக்கட்டை இரத்தச் சிவப்பானது, இரும்புபோல் கனமானது. நம் வீட்டுப் பெண்கள் கல்லில் இழைத்து முகத்தில் பூசிக்கொள்ளும் செஞ்சந்தனம் இதுவே. மரப்பாச்சிப் பொம்மைகளும் இம்மரத்தில்தான் கடையப்பட்டன. சந்தனத்துக்குரிய மணம் இதற்கில்லை. இந்த மரம் இயல்பாக வளரும் இடம் உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஒன்றுதான். கடப்பை, சித்தூர், நெல்லூர், கர்நூல், பிரகாசம் எனப்படும் மாவட்டங்களின் மலைகளும் அவற்றை ஒட்டிய சிறு நிலப்பரப்புமே இதன் தாயகம்.

மரத்தடியில் காய்கள் உதிர்ந்து கிடந்தன. சிறிய அப்பளம் போல் வட்டமாகத் தட்டையாக, ஓரத்தில் மெல்லிய சிறகோடு, நடுவில் விதை புடைத்திருக்கும் காய். பேரன் ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டான். எங்களுடன் வந்த வனக் காவலர் அதைக் கண்டார். தமிழ் நன்றாகப் பேசுகிறவர்.

"தம்பி, அதை எடுத்த இடத்திலேயே போட்டுடு" என்றார்.

நான் குறுக்கிட்டேன். "கீழே கிடந்ததுதானே, ஐயா?"

"கீழே கிடந்தா என்ன பாய்? அதுவும் காட்டோட சொத்துதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பையன் காயைப் போட்டுவிட்டான். சற்று தூரம் நடந்த பின் என் கையைப் பிடித்து, "நன்னா, அதை யாரும் நட்டு வைக்கலையே. அது யாருடையது?" என்று கேட்டான்.

சட்டத்தின் விடை எளிது. தலக்கோனா, ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. 353 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்கா 1989இல் அமைக்கப்பட்டது. அதையும் உட்கொண்ட சேஷாசலம் மலைத்தொடர் முழுவதும் 2010இல் உயிர்க்கோளக் காப்பகம் என அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவிலிருந்து எந்த வனப்பொருளையும் அனுமதியின்றி எடுத்துச் செல்லக் கூடாது. இதைத்தான் நான் அவனுக்குச் சொன்னேன். "சட்டம் இல்லாவிட்டால் எடுக்கலாமா?" என்று அவன் திருப்பிக் கேட்டபோது, "எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்தால் என்ன மிஞ்சும்?" என்று வழக்கமான பாட்டைப் பாடினேன்.

அந்தப் பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. எல்லாரும் எடுத்தால்தான் தவறு என்றால், மற்றவர்கள் எடுக்கவில்லை என்று உறுதியாகத் தெரியும்போது நான் ஒருவன் எடுப்பது தவறாகாது. அதாவது பிறருடைய ஒழுக்கமே என் ஒழுக்கக் கேட்டுக்கு அனுமதிச் சீட்டாகிவிடும். இந்தக் கணக்கு எவ்வளவு வசதியானது என்பதை நான் என் அனுபவத்தில் அறிவேன்.

சற்றொப்ப நாற்பது ஆண்டுகளுக்கு முன், திருமணமான புதிதில், கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். ஒரு மரக்கிளையில் ஒட்டி வளர்ந்திருந்த தொற்றுச்செடி ஒன்று ஊதா நிறத்தில் பூத்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. வேரோடு பிய்த்து ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்து, வீட்டு முற்றத்து மாமரத்தில் சணற்கயிற்றால் கட்டி வைத்தேன். நாள்தோறும் நீர் தெளித்தேன். சித்திரை வெயிலைக் கூட அது காணவில்லை. அதற்கு முன்பே கருகிவிட்டது. யாருடைய பொருளையும் நான் திருடவில்லை என்றே அன்று நினைத்தேன். இன்று நினைத்துப் பார்த்தால், நான் செய்த தவறு களவைவிடச் சிறிது வேறுபட்டதாகத் தோன்றுகிறது. அந்தச் செடி எங்கோ உயிரோடு இருப்பதைவிட என்னிடம் இருப்பதையே நான் விரும்பினேன். அது செத்தாலும் என்னுடையதாகச் சாகட்டும் என்னும் அளவுக்கு அந்த விருப்பம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரனுடைய பூந்தொட்டியைத் தூக்கியிருந்தால் அவன் வந்து கேட்டிருப்பான், திருப்பிக் கொடுத்திருப்பேன். மலையில் வாழும் செடிக்கு வந்து கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத பொருளிடம் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில்தான் அவனுடைய அமானத் உணர்வு வெளிப்படுகிறது. பாதுகாப்பாக வைத்திருக்கும்படி ஒப்படைக்கப்பட்ட பொருளைத்தானே நாம் அமானத் என்கிறோம்?

இதே மலைத்தொடரில் பெடோம் சைகஸ் எனப்படும் செடி ஒன்று வாழ்கிறது. தோற்றத்தில் குள்ளமான ஈச்சமரம். பிறப்பில் ஈச்சமரத்துக்கு யாதொரு உறவும் இல்லை. பூக்கும் செடிகள் உலகில் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்த ஓர் இனத்தின் எச்சம் அது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராயிருந்த பெடோம் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டிருக்கிறது. அதன் ஆண் கூம்பை மருந்துக்கென்று வெட்டுகிறார்கள். இந்த மலைகளில் அது அழிந்தால் உலகத்தில் வேறெங்கும் அதைக் காண இயலாது. ஆகையால்தான் நாடுகளிடையே அதன் வாணிபம் முற்றிலும் தடுக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய ஒன்றைப் 'பொறுக்கிக்கொள்வது' என்பது ஒரு நூலகத்தில் ஒரே படியாக உள்ள கையெழுத்துச் சுவடியின் தாளைக் கிழிப்பது போன்றது. ஏட்டின் விலை இரண்டு ரூபாய்தான் என்று வாதாடுவதில் பொருளில்லை.

இதுவரை சொன்னவற்றில் எனக்குக் குழப்பமில்லை. குழப்பம் வந்தது வாசலுக்குத் திரும்பிய பின்தான்.

தேநீர்க் கடையருகே அமர்ந்திருந்தபோது காவலரிடம் எங்கள் ஊர் எது என்று சொன்னேன். அவர் ஒரு கணம் பேசாமல் இருந்து, "உங்க பக்கத்து ஆளுங்கதான் பாய் மரம் வெட்ட வந்து சாகறாங்க" என்றார். குரலில் பகை இல்லை. உண்மையில் அவர் சொன்ன 'பக்கம்' ஜவ்வாது மலையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும். ஆனால் எங்கள் எல்லையைத் தாண்டினால் வந்தவாசி. வந்தவாசி திருவண்ணாமலை மாவட்டம். அவர்கள் எங்கள் பக்கத்தவர்கள் அல்லர் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நேயர்களுக்கு நினைவிருக்கும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையினரின் துப்பாக்கிக்கு 20 பேர் பலியாயினர். அனைவரும் தமிழகத்திலிருந்து சென்ற கூலியாட்கள். பலர் ஜவ்வாது மலைப் பழங்குடியினர். மரம் வெட்டிகள் கோடரியாலும் கற்களாலும் தாக்கியதால் சுட நேர்ந்தது என்றது காவல்துறை. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றனர் இறந்தவர்களின் உறவினரும் மனித உரிமை இயக்கத்தினரும். தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. ஆனால் அதற்கு ஐந்து திங்களுக்கு முன், 2014ஆம் ஆண்டின் இறுதியில், கடத்தல்காரரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட செம்மரக் கட்டைகளை அரசே உலகளாவிய ஏலத்தில் விற்றது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். சீனத்தில் அரண்மனைப் பாணி மேசை நாற்காலிகளுக்கும் ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பிசைக் கருவியின் கழுத்துக்கும் அந்தக் கட்டையைத் தேடுகிறார்கள். வாங்குபவன் அங்கே, விற்பவன் நகரத்தில், அரசு ஏலத்தில். காட்டுக்குள் வந்து குண்டடிபட்டுக் கிடப்பவன் மட்டும் நாட்கூலிக்கு வந்தவன்.

அந்தக் காட்டிற்குள் நான் எப்படி நுழைந்தேன்? சீட்டு வாங்கி. என் பேரன் காயைப் பொறுக்கியபோது அவனுக்குக் கிடைத்தது புன்னகையோடு கூடிய ஒரு கண்டிப்பு. ஒரே வேலிக்குள் இரண்டு வகை மனிதர்கள். இதில் நீதி எங்கே இருக்கிறது?

வேலியிட்டுக் காக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. இஸ்லாத்துக்கு முந்தைய அரபு நாட்டில் வலிமை மிக்க குலத்தலைவன் மேட்டில் நின்று தன் நாயைக் குரைக்கச் செய்து, அந்த ஒலி எட்டும் தூரம் வரையுள்ள மேய்ச்சல் நிலம் தனக்கே என்று அறிவித்துவிடுவானாம். அத்தகைய காவல் நிலத்துக்கு 'ஹிமா' என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தனிமனிதன் தனக்கென ஹிமா வைத்துக்கொள்ளும் உரிமையை ஒழித்தார்கள். பொது நன்மைக்காக மட்டும் அதை நிறுத்தினார்கள். மதீனாவுக்கு அருகில் நகீஃ என்னும் இடம் பொதுக் குதிரைகளுக்கென ஒதுக்கப்பட்டது. மக்காவின் புனித எல்லைக்குள் செடியை வெட்டலாகாது, வேட்டைப் பிராணியை விரட்டலாகாது என்ற கட்டளையை ஹஜ்ஜுக்குச் சென்றவர் அனைவரும் அறிவர். ஆனால் அக்கட்டளை அறிவிக்கப்பட்ட அதே நேரத்தில் ஒரு விலக்கும் தரப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். இத்கிர் என்னும் மணப்புல் கொல்லர்களின் உலைக்கும் வீடுகளின் கூரைக்கும் வேண்டுமே என்று அப்பாஸ் (ரலி) அவர்கள் எடுத்துரைக்க, அந்தப் புல்லுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. உலகத்தின் மிகப் புனிதமான வேலியிலும் உழைப்பவனின் தேவைக்கு ஒரு திட்டிவாசல் இருந்தது.

இதனினும் என்னை உலுக்குவது உமர் (ரலி) அவர்களின் செயல். தம் ஆட்சியில் ரபதா போன்ற இடங்களையும் அவர்கள் ஹிமாவாக்கினார்கள். ஹிமாவின் காவலராக ஹுனை என்னும் தம் ஊழியரை அமர்த்தியபோது அவருக்கு இட்ட ஆணை விந்தையானது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவனை உள்ளே விடச் சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தடுக்கச் சொன்னார்கள். இருவரும் நபித்தோழர்களுள் முதல் வரிசையினர். ஒருவர் பின்னாளில் கலீஃபாவாகவே ஆனவர். காரணத்தையும் மறைக்கவில்லை. அவர்களுடைய கால்நடைகள் பட்டினியால் இறந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோப்பும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழையின் சிறு மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து ஆட்சியாளனின் வாசலில் நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்பது அவர்களின் கணக்கு. வேலி போட்டவர்களே, வேலியால் நசுங்குபவன் யார் என்று முதலில் பார்த்தார்கள்.

நம் காலத்துக் காவல் காடுகளின் வரலாறு பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. உலகின் முதல் தேசியப் பூங்கா எனப் புகழப்படும் யெல்லோஸ்டோன் 1872இல் அமெரிக்காவில் அமைந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த ஷோஷோனி முதலிய பழங்குடியினர் சில ஆண்டுகளுக்குள் வெளியே தள்ளப்பட்டனர். சுற்றுலாப் பயணிகள் உள்ளே அழைக்கப்பட்டனர். நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை 'ஒதுக்குக் காடு' ஆக்கியது. அதுவரை விறகும் தேனும் புளியும் எடுத்து வந்தவன் ஒரே நாளில் குற்றவாளியானான். அவனுடைய உரிமையில் ஒரு பங்கைச் சட்டம் ஒப்புக்கொள்ள 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. உமர் (ரலி) தடுத்த மந்தைகள் உள்ளே. அவர்கள் அனுமதித்த மந்தைகள் வெளியே.

இப்படிச் சொல்லும்போது ஒருவர் எழுந்து கேட்கலாம்: "அப்படியானால் ஜவ்வாது மலைக்காரன் கோடரியோடு வரட்டும், வெட்டட்டும் என்கிறீரா?" இல்லை. இங்கே உவமை முழுவதும் பொருந்தாது; பொருந்துவதாகக் காட்டினால் அது நேர்மையன்று. புல்லை மேய்ந்தால் அடுத்த மழையில் துளிர்க்கும். செம்மரத்தில் வயிரம் பாயப் பல பத்தாண்டுகள் வேண்டும். வெட்டிய மரத்துக்கு ஈடு அந்தத் தலைமுறையில் இல்லை. மேலும் ஜவ்வாது மலைக்காரனின் தேவை மரமன்று, கூலி. மரத்தை அவன் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. வெட்டுகிறவனைக் கலீஃபாவின் ஏழை இடையனாகவும் மரத்தை இத்கிர் புல்லாகவும் எண்ணினால் பிழைத்துப் போவோம். அவன் வேறொருவனுடைய பெரிய மந்தையை ஓட்டி வந்த கூலி இடையன். தடுக்க வேண்டியது மந்தையை. ஆனால் மந்தையின் உடைமையாளன் கண்ணுக்குத் தெரிவதில்லை; இடையன்தான் தெரிகிறான். காவலின் கை எட்டும் தூரத்தில் இருப்பவனே தண்டிக்கப்படுகிறான். அந்த மலைகளில் வேலையும் நியாயமான கூலியும் கிடைத்திருந்தால், 20 குடும்பங்கள் அந்த ஏப்ரலில் ஜனாஸாவைப் போலச் சடலங்களுக்குக் காத்து நின்றிருக்கத் தேவையில்லை. காட்டுக்குள் திறக்க இயலாத வாசலைக் காட்டுக்கு வெளியே திறக்க வேண்டும். அந்தக் கடமையைச் செய்யாமல் வேலியை மட்டும் உயர்த்துகிறவர்கள் உமரின் (ரலி) பாதி ஆணையைத்தான் பின்பற்றுகிறார்கள். அதுவும் தவறான பாதியை.

எங்கள் ஊரின் பழைமை இங்கே நினைவுக்கு வருகிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஏரியைக் காக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். தோட்டங்களைக் காக்கப் பன்னிருவர் கொண்ட தோட்ட வாரியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மீண்டும் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள். பிறர் பொருளைக் கவர்ந்தவனும் தகுதியற்றவன். காப்பவன் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் என்று நாங்கள் பெருமை பேசுவதுண்டு. பெருமையில் தவறில்லை. ஆயினும் அந்தக் குடத்துக்குள் யார் பெயர் விழலாம் என்பதையும் அதே கல் சொல்கிறது. வரி செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஏரியில் சேறள்ளியவனுக்கும் தோட்டத்தில் நீர் இறைத்தவனுக்கும் ஓலை இல்லை. காவலுக்குக் கணக்கு உண்டு. காவலில் எல்லாருக்கும் பங்கு இல்லை.

பங்கும் காவலும் சேர்ந்திருக்கும் இடம் ஒன்றைக் காண வேண்டுமானால் எங்கள் ஊரிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவே போக வேண்டும். வேடந்தாங்கல். இன்று அது செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1790களில் கலெக்டராயிருந்த லயனல் ப்ளேஸ் அவர்களுடைய காவல் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஊரார் பறவைகளைக் காத்தது இரக்கத்தினால் மட்டுமன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாயிற்று. இன்றும் அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. துப்பாக்கியில்லாமல் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒரு காவல் நிற்கிறதென்றால், காப்பவனுக்கு அதில் நெல் விளைகிறது என்பதே காரணம். செம்மரம் நிற்கும்போது சுற்றியுள்ள ஊர்களுக்கு ஏதும் தருவதில்லை. விழும்போதுதான் காசு தருகிறது. அந்தக் கணக்கை மாற்றாதவரை காவலரின் வேலையும் கடினமாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. அவரும் ஒரு சம்பளக்காரர். இரவில் அந்தச் சரிவுகளில் நடப்பவர்.

இவ்வளவையும் பையனிடம் சொல்ல முடியுமா? வேன் திருத்தணியைத் தாண்டியபோது அவன் தூங்காமல் விழித்திருந்தான். நான் மெல்லச் சொன்னேன்: "காய் யாருடையது என்று கேட்டாய். நம்முடையது இல்லை என்பது வரை எனக்குத் தெரியும். நாம் சீட்டு வாங்கியது பார்ப்பதற்கு, எடுப்பதற்கு இல்லை. உள்ளே விடப்பட்டவனுக்குத்தான் பொறுப்பு அதிகம். வெளியே நிறுத்தப்பட்டவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் இன்னும் அதிகம்."

அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ஆளுங்களுக்குச் சீட்டு ஏன் கொடுக்கலை?" என்றான். அவர்களைப் பற்றிக் காவலர் சொன்னதை அவனும் கேட்டிருந்தான் போலும். என்னிடம் விடை இல்லை. வேலை கொடுத்திருக்க வேண்டும் என்றேன். அது அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அருவிப் பாதையில் கண்ணில் பட்ட நெகிழிப் புட்டிகளையும் தின்பண்ட உறைகளையும் போட்டவர்கள் கோடரிக்காரர்கள் அல்லர். என்னைப் போல் சீட்டு வாங்கியவர்கள். அவர்கள் மீது யாரும் துப்பாக்கி தூக்கவில்லை, தூக்கவும் வேண்டாம். எங்கள் வேனிலிருந்தும் ஒரு பொட்டலம் பறந்தது. என் மருமகன் இறங்கிப் போய் எடுத்து வந்தார்; அதற்குள் பின்னால் நின்ற வண்டிக்காரர் ஒலிப்பானை அடித்துத் தீர்த்துவிட்டார்.

செம்மரத்தைப் பட்டா நிலத்தில் வளர்ப்பதற்குத் தடையில்லை. வெட்டி எடுத்துச் செல்லும் நாளில் வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், அவ்வளவே. சென்ற ஆடியில் நாற்றுப் பண்ணை ஒன்றில் இரண்டு கன்றுகள் வாங்கி வந்து, எங்கள் கிணற்று மேட்டில் வைத்தோம். ஒன்று பட்டுப்போயிற்று. மற்றொன்று நிற்கிறது. ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் பையன் பள்ளிக்கூட அளவுகோலைக் கொண்டுபோய் அதை அளக்கிறான். சென்ற வெள்ளிக்கிழமை இரண்டு அளவுகோலும் மூன்று விரற்கடையும் இருந்தது.